அறுபது என்னும் கோடும் காஞ்சிபுரத்துத் தறியும்

(காஞ்சிபுரத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகத் திருத்தப்பட்ட வடிவம்)



அத்தி வரதரை 1979இலும் 2019இலும் சேவித்தவர்கள் இந்த அவையில் சிலராவது இருப்பார்கள். கோயிலின் அனந்தசரஸ் திருக்குளத்திலிருந்து பெருமாள் வெளியே எழுந்தருள 40 ஆண்டுகள் ஆகும் ஊர் இது. "ரெண்டு தடவை பார்த்தாச்சு" என்று ஒருவர் சொன்னால் கேட்பவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அதே பெரியவர் மறுநாள் ஓர் அலுவலகத்தில் நெசவாளர் காப்பீட்டுப் படிவத்தை நீட்டினால், "உங்களுக்கு வயசு தாண்டிடுச்சுங்களே ஐயா" என்று படிவம் திரும்பி வரும். சொல்பவரின் குரலில் மரியாதை குறைவதில்லை. ஆனாலும் படிவம் திரும்பித்தான் வருகிறது.

முதியவர்களை வீட்டில் எப்படி நடத்துகிறார்கள் என்று தமிழில் நிறையவே பேசியிருக்கிறோம். பிள்ளைகள் கைவிட்ட கதை, முதியோர் இல்லக் கதை, கண்ணீர்க் கதை எல்லாம் நமக்குப் பழக்கம். இந்தச் சொற்பொழிவின் பொருள் அதுவன்று. சட்டமும் வீட்டு வாடகையும் மருத்துவமும் வயதை ஒரு காரணமாகக் காட்டி மனிதர்களை எப்படி வெளியே நிறுத்துகின்றன என்பதே பொருள். இவ்வுரை நிறுவ விரும்பும் கருத்து ஒன்றுதான். நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவருக்கு, பிறரைச் சார்ந்திருப்பவர் என்ற முறையில் சில பாதுகாப்புகள் உண்டு. உழைப்பவர், குடியிருப்பவர், சிகிச்சை பெறுபவர் என்ற முறையில் மற்றவர்களுக்குச் சமமாக நிற்கும் உரிமை அவருக்கு இன்னும் எழுதப்படவில்லை. இதைப் பார்க்கக் காஞ்சிபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. ஏனென்றால் இங்கே பட்டுத்தறி யாருக்கும் ஓய்வு வயதைச் சொல்வதில்லை.

1. தறியில் வயது

வெளியூரிலிருந்து வந்திருக்கும் மாணவர்களுக்காக முதலில் தறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்து வீடொன்றில் நுழைந்தால் முன்கூடத்தைத் தறியே அடைத்துக்கொண்டிருக்கும். தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு, விளிம்பில் உட்கார்ந்து, மிதியை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். காஞ்சிப் பட்டின் பெயரைக் காப்பது கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் ஊடை இழையை இழையோடு கோத்து வாங்க வேண்டும். அதற்கு ஊடை இழையைச் சுமந்து மூன்று நாடா ஓடும். ஒருவரால் முடியாது. மறுபக்கத்துக் கரை நாடாவைத் தள்ளித் தர இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

அந்த இன்னொருவர் யார்? 1990களிலும் அதற்குப் பின் சில ஆண்டுகளும் அந்த இடத்தில் பல வீடுகளில் குழந்தைகள் இருந்தார்கள். முன்பணத்துக்கு ஈடாகத் தறியில் உட்கார்த்தப்பட்ட அந்தக் குழந்தைகளைப் பற்றி நாட்டுக்கு வெளியேயும் அறிக்கைகள் எழுதப்பட்டன. அவர்களைப் பள்ளிக்கு அனுப்பியது இந்த மாவட்டம் பெருமைப்பட வேண்டிய வேலை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் தயாரிக்கத் தொடங்கியது. பிறகு திருப்பெரும்புதூரும் ஒரகடமும் தொழிற்பகுதிகளாக வளர்ந்தன. படித்த பிள்ளைகள் ஆலைப் பேருந்தில் ஏறினார்கள். தறியில் மீந்தவர்கள் பெற்றோரும், அவர்களைப் பெற்றவர்களும்தான். இன்று கோர்வைத் தறியின் மறுபக்கத்தில் மனைவியோ வயதான தாயோ உட்கார்ந்திருப்பது இந்த ஊரில் யாருக்கும் புதுமையில்லை.

தறிக்கு வெளியிலும் அவர்கள் கை இருக்கிறது. தார் சுற்றுவது அவர்கள்தான். தறியின் நீளவாக்கு இழைகளான பாவு நெய்து முடிந்ததும், அதன் முனையோடு புதுப் பாவின் முனையைச் சேர்த்து, ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பதும் பல இடங்களில் வயதான பெண்கள்தான். விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இழையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரலால் கண்டுபிடித்துவிடுகிறார்கள். இந்த வேலை ஒரு நாள் தவறினால் தறி நிற்கும். ஆனால் கூலிப் புத்தகத்தில் பெரும்பாலும் ஒரு பெயர்தான் உண்டு. அது தறிக்காரரின் பெயர்.

இது காஞ்சிபுரத்துக்கு மட்டும் உரியதென்று நினைக்க வேண்டாம். 2017-18இல் நடந்து 2021 தொடக்கத்தில் வெளியான இந்திய முதுமை ஆய்வின்படி, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டிலோ, 2011 மக்கள்தொகைக் கணக்கில் 10.4 சதவீதமாக இருந்த முதியோர் பங்கு 2021க்கான கணிப்பில் 13.6 ஆகிறது. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

2. படிவங்களில் அறுபது

இவர்களைத் திட்டங்கள் எப்படிப் பார்க்கின்றன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான தேசியத் தரவுத்தளம் என்று 2021 ஆகஸ்டில் இ-ஷ்ரம் தளம் தொடங்கப்பட்டது. பதிவு வயது 16 முதல் 59 வரை. ஆக, 62 வயதில் குழிக்குள் காலை விட்டு நெய்துகொண்டிருப்பவர் அந்தத் தரவுத்தளத்தின் கணக்கில் தொழிலாளரே அல்லர். கைத்தறி நெசவாளர்களுக்கென்றே வந்த மகாத்மா காந்தி புன்கர் பீமா யோஜனா என்ற காப்பீட்டுக்கும் வயது 18 முதல் 59 வரைதான். அதன் இடத்தை எடுத்துக்கொண்ட பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் 50 வயதுக்கு மேல் புதிதாகச் சேர முடியாது. விபத்துக் காப்பீடு மட்டும் 70 வரை போகிறது. அடல் ஓய்வூதியத் திட்டத்திலும், 2019இல் வந்த ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்திலும் 40 வயதைக் கடந்தவருக்குக் கதவு மூடியது. அந்தத் திட்டங்கள் வந்தபோது காஞ்சிபுரத்துத் தறிகளில் இருந்த பெரும்பாலோரின் வயது என்ன என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மாநிலத்தின் பங்கைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 1962லேயே மாதம் 20 ரூபாய் முதியோர் ஓய்வூதியம் தரத் தொடங்கிய மாநிலம் இது. 2011இல் அது 1,000 ஆனது, 2023இல் 1,200 ஆனது. மத்திய அரசு தன் பங்காக 60 முதல் 79 வயது வரையுள்ளவருக்குத் தருவது 200 ரூபாய்தான். 2007இல் இந்திரா காந்தி பெயரில் திட்டம் விரிவானபோது இருந்த தொகை அது. கூட்டுறவுச் சங்கத்தில் நெய்து, சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குத் தனி ஓய்வூதியம் உண்டு. கைத்தறி மற்றும் கைத்தறிப் பட்டு நெசவுத் தொழிலாளர்களுக்கு நல வாரியமும் உண்டு. ஆனால் வாரியத்தில் உறுப்பினராகப் பதிய 60 வயதுக்குள் இருக்க வேண்டும். 60க்குள் பதிந்தவருக்கு 60க்குப் பின் ஓய்வூதியம். தனியார் முதலாளியிடம் கூலிக்கு நெய்தவர், வாரியம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் காலம் கழித்தவர், 61இல் கேள்விப்பட்டு வந்தால் அவருக்கு இடமில்லை. பாவு பிணைத்த அம்மாவுக்கோ எந்தச் சங்கத்திலும் பெயர் இல்லை.

அவருக்கு மிஞ்சுவது ஆதரவற்றோர் என்ற தலைப்பில் வருவாய்த் துறை தரும் அந்த முதியோர் ஓய்வூதியம். அரை நூற்றாண்டு உழைத்தவர் உழைப்பாளி என்ற கணக்கில் வாங்க வேண்டியதை, ஆதரவற்றவர் என்று மெய்ப்பித்து வாங்க வேண்டியிருக்கிறது. தொகை சிறியது என்பதைவிட இந்த நிபந்தனைதான் அதிகம் உறுத்துகிறது.

ஜப்பானின் கியோத்தோவும் கோயில் நகரம், பட்டு நெசவு நகரம். அங்கே 1950ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியில் தேர்ந்த கைவினைஞர்களை அரசு அடையாளம் கண்டு, கலையைக் காக்கவும் அடுத்தவர்க்குக் கற்றுத்தரவும் ஆண்டுக்கு 20 லட்சம் யென் தருகிறது. மக்கள் அவர்களை வாழும் தேசியச் செல்வங்கள் என்கிறார்கள். பெரும்பாலும் வயதானவர்களே அதைப் பெறுகிறார்கள், ஏனென்றால் அந்தத் தேர்ச்சி வர அவ்வளவு காலம் ஆகிறது. நம் நாட்டிலும் விருது பெற்று, 60ஐக் கடந்து, வறுமையில் இருக்கும் கைத்தறி நெசவாளர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் வரை உதவும் ஏற்பாடு இருக்கிறது. விருது பெறாதவர்களே மிகுதி என்பதுதான் சிக்கல். காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. சேலைக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, அந்தக் கலையைக் கையில் வைத்திருக்கும் தலைமுறைக்கு வந்து சேரவில்லை.

3. சட்டம் காணும் முதியவர்

இனிச் சட்டத்துக்கு வருவோம். அரசமைப்பின் 15ஆம் பிரிவு சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது. அரசு வேலையைப் பற்றிய 16ஆம் பிரிவு வம்சாவளி, வசிப்பிடம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. இரண்டு பட்டியலிலும் வயது இல்லை. முதுமை வேறோர் இடத்தில் வருகிறது. 41ஆம் பிரிவு, அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு, வேலையின்மை, நோய், ஊனம் ஆகியவற்றோடு முதுமைக்கும் பொது உதவி வேண்டும் என்கிறது. அது வழிகாட்டு நெறி. நீதிமன்றத்தில் நேரடியாகக் கேட்டுப் பெற முடியாது. சமத்துவப் பட்டியலில் இடம்பெறாத முதுமை, உதவிப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. இன்றைய நிலையின் வேர் அங்கே இருக்கிறது.

அமெரிக்கா 1967லேயே வேலைவாய்ப்பில் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. 40 வயது முதலே அது பாதுகாக்கிறது. பிரிட்டன் 2010இல் சமத்துவச் சட்டத்தில் வயதைச் சேர்த்தது. நம்மிடம் அப்படிப்பட்ட சட்டம் இல்லை. நம்மிடம் இருப்பது பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007.

அந்தச் சட்டம் பயனுள்ளது; அவையில் உள்ள பெரியவர்கள் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாத பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுக் கோட்டாட்சியர் நிலையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை, சொல்லப்போனால் சட்டத்தின் வாசகப்படி வழக்கறிஞருக்கு அங்கே அனுமதியே இல்லை. மாவட்டச் சமூகநல அலுவலர் துணை நிற்பார். அறிவிப்புச் சென்ற 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சினால் இன்னும் 30 நாள். ஆனால் தொகைக்கு உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். 2007இல் எழுதிய 10,000. அந்த வரம்பை நீக்க 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது. நிலைக்குழுவும் ஆராய்ந்தது. 17ஆம் மக்களவை முடிந்ததோடு அதுவும் காலாவதியானது.

இந்த ஊருக்கு மிகவும் வேண்டியது 23ஆம் பிரிவு. தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்த முதியவர், கவனிப்பு கிடைக்காவிட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். தறி வீட்டைச் செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்துவிட்டு, பிறகு முன்கூடத்தில் தறி வேண்டாம் என்று பிள்ளைகள் சொல்லும் நிலை வந்தால் என்ன செய்வது? 2022 டிசம்பரில் சுதேஷ் சிகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், இது நலச் சட்டம், ஆகவே தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று கூறித் தாய்க்குச் சொத்தைத் திருப்பித் தரச் செய்தது. நீதிமன்றத்தின் நோக்கு மாறிவருவது ஆறுதல்தான். ஆனாலும் பத்திரம் எழுதும் நாளிலேயே, இன்னாரை இந்த வீட்டில் வைத்துப் பராமரிக்க வேண்டும், தறி இருக்கும் இடம் அவருக்கு என்று ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது. சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதுவோர் இந்த ஒரு வரியை வழக்கமாக்கினால் பல குடும்பங்கள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியிராது.

இந்தச் சட்டம் முதியவரை யாராகப் பார்க்கிறது? பிள்ளையால் பராமரிக்கப்பட வேண்டியவராக. பெரும்பாலும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையேதான் அது நிற்கிறது. வங்கி கடன் மறுத்தால், வீட்டுக்காரர் வீடு மறுத்தால், மருத்துவமனை அலட்சியம் செய்தால் அதனிடம் பதில் இல்லை. மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லம் என்ற 19ஆம் பிரிவுகூட, மாநில அரசு அமைக்கலாம் என்றுதான் சொல்கிறது, அமைக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

4. வீடு

"வயசானவங்களுக்கு விடுறதில்லீங்க." காஞ்சிபுரத்தில் வாடகை வீடு தேடிய முதிய தம்பதியர் பலர் இதைக் கேட்டிருப்பார்கள். தனியாக இருக்கும் அம்மாள் என்றால் மறுப்பு இன்னும் வேகமாக வரும். காரணங்களை எல்லாரும் அறிவோம். உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பது, வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் அடுத்து யார் குடிவருவார்கள், வாடகை எங்கிருந்து வரும். கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் ஒரு நியாயம் உண்டு. அதை முன்பணத்தாலும் உறுதிமொழியாலும் தீர்க்கலாம். மற்ற இரண்டும் வயதின் மேல் சுமத்தும் அச்சங்கள்.

1960இன் பழைய வாடகைச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தப் பதிவு, வாடகை அதிகாரி, முன்பண அளவு எல்லாவற்றையும் அது பேசுகிறது. வயதைக் காரணம் காட்டி வீடு மறுப்பதைப் பற்றி அது பேசவில்லை.

வெளிநாடுகளும் இந்த இடத்தில் தடுமாறியிருக்கின்றன என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சட்டம் வேலையிலும் சேவையிலும் வயதைக் காக்கிறது. வீடு, மனை பற்றிய அதிகாரத்தில் வயதை விலக்கிவைக்கிறது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு நியாய வீட்டுவசதிச் சட்டத்திலும் வயது இல்லை. 1969இல் வாஷிங்டனை அடுத்த செவி சேஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடியை வசதியற்ற முதியோர்க்குக் கொடுக்க முயன்றபோது அக்கம்பக்கத்தார் கொதித்தெழுந்தார்கள். மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர், இது இனவெறி போன்றதொரு வயதுவெறுப்பு என்று அப்போது எடுத்துச் சொன்னார். முதுமைக்கு எதிரான பாகுபாடு பற்றி இன்று உலகம் முழுதும் நடக்கும் விவாதத்துக்கு அந்த வீட்டுத் தகராறு ஒரு தொடக்கம். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் வீடுதான் பின்தங்கியிருக்கிறது.

நெசவாளருக்கு வீடு கிடைப்பதில் இரட்டைச் சிக்கல். குழித்தறி வீட்டோடு வேர்விட்டது. வாடகை வீட்டில் தரையைத் தோண்ட யாரும் விடமாட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு வேகவதி ஆற்றங்கரைக் குடும்பங்களுக்கென்று கீழ்கதிர்ப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டப்பட்டது. வெள்ளத்திலிருந்து மக்களைக் காப்பது தேவையே. ஆனால் மாடியில் குழி வெட்ட முடியாது. இளைஞர் வேறு வேலைக்குப் போய்விடுவார். 65 வயதுக்காரருக்குத் தறி போனால் தொழில் போனது. குடியிருப்பு ஒதுக்கும்போது தரைத்தளம் யாருக்கு, தறிக்கூடம் எங்கே என்ற இரண்டு கேள்விகளையும் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

5. "வயசானா அப்படித்தான்"

உடம்பைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் மருத்துவத்தில் பாகுபாடு அன்பான குரலில் வருகிறது. குழித்தறிக்காரருக்கு இடுப்பு, முழங்கால், கழுத்து, கண் நான்கும் தேயும். ஜரிகை மின்னும் இழையில் கோர்வை தவறுவது தெரியாமல் போனால் முதலில் ஐயப்பட வேண்டியது கண்புரையை. ஒரு சிறு அறுவையில் சரியாகக் கூடியது அது. ஆனால் "வயசானா அப்படித்தான், இனிமே எதுக்கு தறி" என்று வீடும் சொல்கிறது, சில நேரம் வெள்ளைக்கோட்டும் சொல்கிறது. குணமாக்கக் கூடிய நோயை வயதின் கணக்கில் எழுதிவிடுவது இது. 40 வயதுக்காரர் முழங்கால் வலி என்று வந்தால் படம் எடுப்போம். 70 வயதுக்காரர் வந்தால் தைலத்தோடு அனுப்புவோம். எந்த அரசாணையிலும் இல்லாத பாகுபாடு இது. ஆகவே யார் மீதும் புகார் கொடுக்க முடியாது.

இந்த நாட்டில் முதியோர் மருத்துவம் என்ற துறையே சென்னையில்தான் வேர்விட்டது. 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கியவர் மருத்துவர் வ.செ. நடராசன். வலி, மறதி, விழுதல் எதையும் வயதின் தலையில் போட்டுவிட்டு நகரக் கூடாது, காரணத்தைத் தேட வேண்டும் என்பதே அந்தத் துறையின் முதல் பாடம். 2024 பிப்ரவரியில் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இவை உண்மையான முன்னேற்றங்கள். ஆனால் 2007 சட்டத்தின் 20ஆம் பிரிவு கேட்பது இதற்கும் மேலே: அரசு மருத்துவமனைகளில் முதியோர்க்குத் தனி வரிசை, படுக்கை, ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் முதியோர் மருத்துவத்தில் அனுபவமுள்ள ஒருவரின் தலைமையில் தனி வசதி. வரிசைக்குப் பலகை வைப்பது எளிது. அந்த மருத்துவரை நியமிப்பதுதான் கடினம், அதைத்தான் கேட்க வேண்டும்.

காப்பீட்டுக்கு வருவோம். தனியார் நிறுவனங்கள் புதிய மருத்துவப் பாலிசிக்கு 65 வயதைக் கோடாக வைத்திருந்தன. 2024 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அந்தக் கோட்டை எடுத்தது. 2025 ஜனவரியில், மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் முன்கூட்டித் தன்னைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றது. கோடு போயிற்று, ஆனால் விலை நிற்கிறது. கூலி நெசவாளர் அந்தக் கடைக்குள் நுழைய முடியாது. முன்பு குறிப்பிட்ட முதுமை ஆய்வில், எந்த மருத்துவக் காப்பீடாவது வைத்திருந்த முதியவர்கள் பத்தில் இரண்டு பேருக்கும் குறைவு.

நம் மாநிலத்தின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வயது வரம்பு இல்லை, அது போற்றத்தக்கது. ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். மகன் ஒரகடத்தில் மாதம் 15,000 சம்பளத்தில் சேர்ந்தால் அதே குடும்ப அட்டையில் இருக்கும் அப்பா வெளியே போகிறார். மகனுக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தால் பெற்றோரும் சிகிச்சை பெறலாம், ஆனால் சார்ந்திருப்பவர் என்ற முறையில், சொந்த வருமானம் ஒரு வரம்புக்குள் இருந்தால் மட்டும். தொழிற்பழகுநராக இருக்கும் மகனுக்கு அதுவும் இல்லை. 2024 அக்டோபரில் மத்திய அரசு 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமானம் பாராமல் 5 லட்சம் ரூபாய்க் காப்பீட்டைத் தொடங்கியது. 60க்கும் 70க்கும் இடையிலான பத்து ஆண்டுகள்? தறியில் இருப்பவருக்கு உடம்பு தேயும் ஆண்டுகள் அவைதான்.

6. ஒரு மறுப்புக்குப் பதில்

எல்லா வயதுக் கோடும் பாகுபாடா என்று சட்டம் படிக்கும் மாணவர்கள் கேட்பார்கள். இல்லை. 2021 மார்ச் 1 அன்று கொரோனா தடுப்பூசி பொதுமக்களில் 60 வயதைக் கடந்தவர்களுக்கு முதலில் திறந்துவிடப்பட்டது. அவர்களுக்கு ஆபத்து அதிகம், ஆகவே அந்தக் கோடு நியாயம். கோயிலில் பெரியவர்களுக்குத் தனி வழி, ஓய்வூதியத்துக்கு ஒரு தொடக்க வயது, இவையும் அப்படியே. கோடு தேவையைப் பின்பற்றுகிறதா, நிர்வாக வசதியைப் பின்பற்றுகிறதா என்று கேட்டாலே பிரிந்துவிடும். 59இல் முடியும் தொழிலாளர் பதிவு யாருடைய தேவையையும் பின்பற்றவில்லை. அரசு ஊழியர் ஓய்வுபெறும் வயதைத் தறிக்காரர் தலையில் வைத்ததுதான் அது.

இளைஞர் வாய்ப்பைப் பெரியவர்கள் அடைக்கிறார்கள் என்பது மற்றொரு மறுப்பு. வேறு தொழில்களில் அதற்கு இடமிருக்கலாம். காஞ்சிபுரத்தில் தறி காலியாகத்தான் இருக்கிறது. கோர்வை தெரிந்த ஒரு பெரியவர் எழுந்து போனால் அந்த இடத்துக்கு ஆள் வருவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, உலகில் இருவரில் ஒருவர் முதியோர் மீது வயதுசார்ந்த தப்பெண்ணம் கொண்டிருப்பதாகக் கணக்கிட்டது. 2025 ஏப்ரலில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை, முதியோர் உரிமைகளுக்கென்று பன்னாட்டு உடன்படிக்கை ஒன்றை வரையச் செயற்குழு அமைத்தது. அது வர ஆண்டுகள் ஆகும். அதற்காகக் காஞ்சிபுரம் காத்திருக்க வேண்டியதில்லை.

7. கேட்க வேண்டியவை

சிலவற்றுக்குப் புதுச் சட்டம் வேண்டும்: அரசமைப்பின் சமத்துவப் பட்டியலில் வயதையும் சேர்ப்பது, வாடகைச் சட்டத்தில் வயதைக் காட்டி மறுப்பதைத் தடுக்கும் ஒரு பிரிவு. அவை நெடுநாள் வேலை. சில உடனே முடியும். நெசவாளர் நல வாரியத்தின் பதிவு வயதை உயர்த்தவோ, 60ஐக் கடந்தும் நெய்பவர்களுக்கு ஒருமுறைப் பதிவு வாய்ப்புத் தரவோ ஓர் அரசாணை போதும். முதலமைச்சர் காப்பீட்டின் குடும்ப வருமானக் கணக்கில், 60ஐக் கடந்த நெசவாளரைத் தனி அலகாக எடுத்துக்கொள்ளவும் அரசாணை போதும்.

இந்த ஊரின் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அந்த அரசாணைகூட வேண்டியதில்லை. கூலிப் புத்தகத்தில் தறிக்காரர் பெயருக்குக் கீழே இன்னொரு வரி விட்டு, மறுபக்கத்தில் உட்கார்ந்தவரின் பெயரையும் பாவு பிணைத்தவரின் பெயரையும் வயதோடு எழுதலாம். நாளைக்கு ஓய்வூதியமோ காப்பீடோ கேட்டு அந்த அம்மா வந்தால், அவர் தொழிலாளி என்பதற்கு ஆதாரம் என்ன என்று அலுவலகம் கேட்கும். அந்த வரியைக் காட்டலாம். சங்கத் தலைவர்கள் சிலர் இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக வைக்குமாறு இந்த மேடையிலிருந்து அவர்களை வேண்டிக்கொள்வது பொருத்தம்.